துவரும் பிணைப்பும்: உயிர்ப்பொருள்களை இணைக்கும் வேதியியலின் வரலாற்றில் தமிழகத்துக் கைத்தொழில்கள்

1. ஆய்வுப் பொருள்

ஒரு பொருளை மற்றொரு பொருளோடு பிரியாவண்ணம் சேர்க்க வேண்டின், இரண்டற்கும் இடையே நின்று இருபாலும் பற்றும் மூன்றாவது பொருள் ஒன்று பலகாலும் வேண்டப்படும். மொழியிலும் இந்நிலை உண்டு. ‘மரம்’ என்னும் பெயர் ‘ஐ’ என்னும் உருபை ஏற்குங்கால் இடையே ‘அத்து’ வந்து ‘மரத்தை’ என முடிகின்றது. இத்தகைய இடைநிலைகளைத் தொல்காப்பியர் சாரியை எனப் பெயரிட்டுப் புணரியலில் தொகுத்துரைத்தார். தனக்கெனப் பொருள் சிறப்பின்றி, இருபால் நின்ற சொற்கூறுகளை இயையச் செய்தலே சாரியையின் தொழிலாகும்.

இக்கால உயிர்வேதியியல் ஆய்வுக்கூடங்களில் இத்தொழிலைச் செய்யும் பொருள்கள் பல உள. அவற்றை இணைப்பிகள் எனலாம். ஓர் இணைப்பியின் ஒரு முனை புரதத்தையோ நியூக்ளிக் அமிலத்தையோ பற்றும். மறுமுனை ஒளிரும் சாயத்தையோ, நொதியையோ, மருந்தையோ, மற்றொரு புரதத்தையோ பற்றும். இடையிலுள்ள பகுதி இரண்டையும் வேண்டிய தொலைவில் நிறுத்தும். குருதியில் நோயின் சுவட்டைக் காட்டும் ஆய்வுகளும், உயிரணுவினுள் ஒரு புரதம் எங்குள்ளது என்று ஒளியால் காட்டும் நுண்ணோக்கி ஆய்வுகளும் இவ்வகை இணைப்புக்களையே பெரிதும் சார்ந்து நிற்கின்றன.

இவ்வேதியியலின் வரலாற்றை உரைக்கும் நூல்கள் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களிலிருந்தே தொடங்குகின்றன. அது பிழையன்று, ஆயினும் நிறைவுடையதும் அன்று. அவ்வாய்வுக்கூடங்கட்குக் கருவியும் கருத்தும் தந்தவை இரண்டு பழந்தொழில்கள்: ஒன்று சாயமேற்றுதல், மற்றொன்று தோல் பதனிடுதல். இவ்விரண்டும் தமிழகத்தில் நெடுங்காலம் சிறந்து நின்றவை. அவற்றின் நடுவே நிற்கும் ‘துவர்’ என்னும் தமிழ்ச்சொல், வேதியியல் பின்னர் விளக்கிய ஓர் உண்மையின் பட்டறிவைத் தன்னுள் பொதிந்து வைத்துள்ளது. இக்கருத்தை நிறுவுதலும், அதனைக் கூறுங்கால் எவ்வளவு கூறலாம், எதனைக் கூறலாகாது என வரையறுத்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. துவர் என்னும் சொல்

துவர் என்பது அறுசுவையுள் ஒன்றன் பெயர். அச்சொல்லே செந்நிறத்தையும் பவளத்தையும் குறிக்கும். மகளிரின் சிவந்த வாயைத் துவர்வாய் என்பது இலக்கிய மரபு. காவி நிறம் ஊட்டிய ஆடை துவராடை எனப்படும். தேவாரத்துள் புத்தத் துறவியர் அவ்வாடையால் சுட்டப்படுதல் காணலாம். ஈரம் போகத் துடைத்து உலர்த்துதலைத் துவர்த்துதல் என்பர். மலையாளத்தில் துடைக்கும் துணிக்கே துவர்த்து என்பது பெயர். ஆகவே சுவை, நிறம், உலர்தல் ஆகிய மூன்று பொருள்கள் ஒரு சொல்லின்கண் கூடி நிற்கின்றன.

வடமொழியிலும் இதனையொத்த நிலை உண்டு. அங்கே கஷாயம் என்பது துவர்ப்புச் சுவையையும், பட்டை முதலியவற்றைக் காய்ச்சி இறக்கிய சாற்றையும், துறவியரின் பழுப்புச் செந்நிற ஆடையின் நிறத்தையும் குறிக்கும். எம்மொழி எம்மொழியைப் பின்பற்றியது என்னும் வினா ஈண்டு வேண்டுவதன்று. வேர்வேறான இரண்டு சொற்கள் ஒரே பொருட்பரப்பை அடைந்தமைக்குக் காரணம் உலகியலில் இருத்தல் வேண்டும் என்பதே கருதத்தக்கது.

அக்காரணம் மரப்பட்டையிலும் காயிலும் உள்ளது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடிய செய்தி வருமிடத்துத் துவர் பத்து எனத் தொகைபெற்ற நீராட்டுப் பொருள்கள் கூறப்படுகின்றன. அவற்றை உரை விரிக்குங்கால் திரிபலை, கருங்காலி, நாவல் முதலியன எண்ணப்படுகின்றன. திரிபலையாவன கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் என்பன. இவையனைத்தும் டானின் எனப்படும் துவர்ப்பொருள் மிக்கவை. அத்துவர்ப்பொருள் நாவிற்குச் சுவையாகவும், நீரில் ஊறியபோது பழுப்புச் செந்நிறமாகவும் வெளிப்படுகின்றது. சொல்லின் இருபொருளும் ஒரு பொருளின் இரு தோற்றங்களேயாம்.

உலர்தல் என்னும் மூன்றாம் பொருளும் இதனோடு இயைபுடையது. கடுக்காயைக் கடித்தவர் வாய் உலர்ந்து சுருங்குவதை உணர்வர். இது நாவின் சுவையரும்புகளால் மட்டும் எழும் உணர்வன்று. உமிழ்நீரில் புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் உள்ளன. வாயின் வழுவழுப்பிற்கு அவையும் காரணம். துவர்ப்பொருளின் மூலக்கூறு ஒவ்வொன்றும் பல இடங்களில் பற்றும் திறனுடையதாகலின், ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களைப் பற்றிச் சேர்த்துத் திரளச் செய்கின்றது. வழுவழுப்பு நீங்கவே வாய் உலர்ந்ததுபோல் தோன்றுகின்றது. அஃதாவது துவர்ப்பு என்பது புரதங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்படுவதை நாவே உணரும் உணர்ச்சியாகும். இப்பிணைப்பையே சாயக்காரரும் தோல் பதனிடுவோரும் தத்தம் தொழிலில் பயன்கொண்டனர்.

3. சாயவேரும் படிகாரமும்

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் இக்காலத்தில் பொறித்தொழிலால் பெரிதும் அறியப்படுவன. அம்பத்தூரில் தொழிற்பேட்டை அமைந்தது 1964-ஆம் ஆண்டில். ஆயினும் இப்பகுதி வாணிக வரலாற்றில் முதலில் இடம்பெற்றது துணியை ஒட்டியே ஆகும். 1639-ஆம் ஆண்டில் பிரான்சிசு டே என்னும் ஆங்கில வணிகர் சென்னப்பட்டினம் அமையவிருந்த கடற்கரையைப் பார்வையிட்டபோது, அந்நிலப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடப்பரின் உடன்பிறந்தாராகிய ஐயப்பர் பூவிருந்தவல்லியில் இருந்து ஆட்சி செய்தார். ஆங்கிலேயரை அழைத்ததிலும் அவர்க்குப் பங்குண்டு. துறைமுக வசதியற்ற அம்மணற்கரையை டே விரும்பியதற்குத் தலையாய காரணம், அங்கே நல்ல துணி பிற இடங்களைவிட 20 விழுக்காடு மலிவாகக் கிடைக்கும் என்று அவர் மதிப்பிட்டமையாகும். பின்னர் 1734-ஆம் ஆண்டில் ஆளுநர் மார்ட்டன் பிட் என்பார் நூற்போர், நெய்வோர், வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோர்க்கெனச் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார். நெய்வோரோடு வண்ணம் தீட்டுவோரையும் ஓரிடத்துக் குடியமர்த்திய செய்தி நோக்கத்தக்கது.

வண்ணம் தீட்டிய அத்துணிகள் ஐரோப்பியரை வியப்பித்தமைக்குக் காரணம் அவற்றின் அழகு மட்டுமன்று. பன்முறை துவைத்தபின்னும் நிறம் மங்காமை பெருங்காரணமாகும். அம்மறையை அறிய முயன்றோருள் இருவர் குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. ஏறத்தாழ 1734-இல் பிரெஞ்சுக் கடற்படை அலுவலராகிய பொலியோ என்பார் புதுச்சேரியில் தொழிலை நேரில் கண்டு படிதோறும் துணிமாதிரியுடன் எழுதிவைத்தார். 1742-இல் கேர்து என்னும் சேசு சபைத் துறவி, கிறித்தவம் தழுவிய தொழிலாளரிடம் கேட்டறிந்தவற்றை ஒரு நீண்ட மடலாக வரைந்தார். வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகட்கும் உள்ள உறவை 1767-இல் பாரிசுக் கழகத்திற்கு எழுதிய அறிஞரும் இவரேயாவர். மொழிநூலார் அவரை அம்மடலால் நினைப்பர். தொழில் வரலாற்றார் முன்னைய மடலால் நினைப்பர்.

அவர்கள் கண்ட முறையின் சுருக்கம் வருமாறு. வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கருமை வேண்டுமிடத்தில் இரும்பை ஊறவைத்து இறக்கிய நீரால் எழுதுவர். செம்மை வேண்டுமிடத்தில் படிகார நீரால் எழுதுவர். பின்னர்ச் சாயவேர் இட்ட கொதிநீரில் துணி முழுவதையும் அமிழ்த்துவர். படிகாரம் பட்ட இடங்களில் மட்டும் செந்நிறம் நிலைத்து நிற்கும். மற்ற இடங்களில் ஒட்டிய மெல்லிய கறை, சாணநீரும் வெயிலும் கொண்டு வெளுக்க நீங்கிவிடும்.

இதன் உட்பொருளை வேதியியல் நோக்கில் காண்பாம். சாயவேர் என்பது மருத்துவ நூலார் இம்பூறல் என வழங்கும் சிறு செடியின் வேர். அதன் செந்நிறத்திற்கு அலிசரின் என்னும் பொருள் காரணம். அலிசரின் பருத்தியைத் தானே உறுதியாகப் பற்றும் இயல்பினதன்று. பருத்தியின் செல்லுலோசில் அதற்குப் பற்றுக்கோடு இல்லை. ஆயின் படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒருபால் கடுக்காய்த் துவரையும் நாரையும் பற்றி நிற்கும்; மறுபால் அலிசரினை இரண்டு பிடிகளால் கவ்வும். எருமைப்பாலின் கொழுப்பு அப்படிகார நீர் துணியில் பரவி எழுத்துக் கலையாதவாறு தடுக்கும். இரும்பு நீர் கடுக்காய்த் துவரோடு கூடிய அளவிலேயே கருமையாகும். ஆகவே நார், துவர், உலோகம், சாயம் என்னும் நான்கும் சங்கிலிபோல் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன.

இடைநின்று நிறத்தை நிலைபெறுத்தும் இவ்வுலோக உப்பினைப் பாடநூல்கள் நிறமூன்றி என வழங்குகின்றன. இச்சொல் பொருட்சிறப்புடையது. எழுதும்போது நிறம் காணப்படுவதில்லை; நிறம் ஊன்றத்தக்க இடம் மட்டும் முதலில் குறிக்கப்படுகின்றது; பின்னர் வந்த சாயம் அவ்விடத்தைத் தானே தேடி நிற்கின்றது. இக்காலத்து உயிரணு ஆய்விலும் முறை இதுவே. எதிர்ப்பொருள் என்னும் புரதம் தனக்குரிய இலக்கைத் தேடிப் பற்றுகின்றது. அதனோடு இணைத்த ஒளிரும் சாயம் அவ்விடத்தை மட்டும் ஒளிரச் செய்கின்றது. பற்றாது எஞ்சியது கழுவி நீக்கப்படுகின்றது. இடத்தைத் தெரிந்து பற்றுதல், எஞ்சியதைக் கழுவுதல் என்னும் இரண்டு செயல்களும் இருவர் தொழிலுக்கும் பொதுவாம்.

சாயவேர்த் தொழில் ஆய்வுக்கூடத்தாலேயே வீழ்ந்தது. 1868-இல் கிரேபே, லீபர்மான் என்னும் செருமானிய அறிஞர் இருவர் அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளால் ஆக்கிக் காட்டினர். சில ஆண்டுகளுள் மலிவான செயற்கை அலிசரின் சந்தையை நிறைத்தது. ஒருகாலத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் ஒல்லாந்தர் ஆட்சிக்கு வருவாய் தந்த சாயவேர் அகழ்வும், சோழமண்டலக் கரையின் சாயவேர்த் தொழிலும் நலிந்தன. வேரை அகழ்ந்தோர்க்கும் சாயமேற்றியோர்க்கும் அப்புதுமை வாழ்விழப்பாகவே வந்தது என்பதனை வேதியியல் வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

4. ஆவாரம்பட்டையும் தோலும்

சங்க இலக்கியத்துள் ஆவிரை மடலூர்வான் சூடும் பூவாக வரும். புலவர் அதன் பூவைக் கண்டனர். தோல் பதனிடுவோர் அதன் பட்டையைக் கண்டனர். வறண்ட நிலத்தில் எளிதின் வளரும் அச்செடியின் பட்டை துவர் மிக்கது. தென்னாட்டு முறையில், தோலை ஊறவைத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் களைந்து, ஊன் நீக்கிக் கழுவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் ஊறவிட்டு, ஈற்றில் கடுக்காய் நீரில் இட்டு முடிப்பர். இவ்வாறு பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து இலண்டனுக்குப் பெருவாரியாக ஏற்றுமதியாயிற்று. அங்கே அது கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரால் விலைபோயிற்று.

இத்தொழிலின் பழமையைச் சங்கச் செய்யுட்களால் நிறுவ முற்படுவோர் ஓர் எச்சரிக்கையை மேற்கொள்ள வேண்டும். ஏற்றுத்தோல் போர்த்த முரசு பன்முறை பாடப்படுகின்றது; மயிர் சீவாத தோல் போர்த்த முரசும் கூறப்படுகின்றது. ஆயின் முரசின் தோல் பதனிட்ட தோல் அன்று. விறைத்து நின்று ஒலித்தற்குப் பச்சைத்தோலே ஏற்றது. ஆதலின் முரசுச் செய்தி பதனிடுதலுக்குச் சான்றாகாது. சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை எண்ணுமிடத்துத் தோலைத் தைப்போரும் எண்ணப்படுகின்றனர். தைத்தற்குரிய நெகிழ்ந்த தோல் புழக்கத்தில் இருந்ததை இது காட்டும். அத்தோல் எம்முறையால் பதம்பெற்றது என்பதனைச் செய்யுள் கூறவில்லை.

பதனிடுதலால் தோலில் விளைவது யாது? பச்சைத்தோல் ஈரத்தில் அழுகும், உலர்ந்தால் கட்டையாகும், நீரில் இட்டுச் சூடாக்கினால் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசில் சுருங்கிவிடும். துவர் ஊட்டிய தோல் அழுகாது, நெகிழ்ச்சியுடன் நிற்கும், சுருங்கும் வெப்பநிலையும் 75 முதல் 85 பாகை வரை உயரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாடுகளில் பரவிய குரோமிய முறையில் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கவல்லது. அம்முறையை ஆல்பிரடு சாட்டர்டன் என்னும் அலுவலர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சென்னையில் பயிற்றுவித்தார். தென்சென்னைப் புறநகராகிய குரோம்பேட்டை அத்தொழிலின் பெயரையே தன் பெயராகக் கொண்டுள்ளது. வெப்பம் தாங்கும் அளவு உயர்தல், தோலின் நார்களுக்கிடையே புதிய பிணைப்புக்கள் தோன்றியமைக்கு அளவுகோலாகும்.

5. கிண்டியில் கண்ட முப்புரி

அந்நார் எவ்வமைப்பினது என்னும் வினாவிற்கு விடை சென்னையிலேயே பிறந்தது என்பது நம் வரலாற்றின் சிறப்பான பகுதி. 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. 1952-இல் கோ. நா. இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியராகக் கிண்டி வளாகத்தில் பொறுப்பேற்றார். ஆங்கிலேய அறிஞர் பெர்னால் சென்னைக்கு வந்தபோது, கொலாஜன் என்னும் தோற்புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் கூறினார். அண்மையிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையம் கொலாஜன் மாதிரிகளை உதவியது. இராமச்சந்திரனும் அவர்தம் உடனாய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் எக்சுக் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, 1954-இல் ‘நேச்சர்’ இதழில் மூன்று புரி அமைப்பை வெளியிட்டனர். 1955-இல் அம்மூன்று புரிகளும் மேலும் முறுக்கேறிய கயிறுபோல் அமைந்தவை எனத் திருத்தியுரைத்தனர். அமைப்பின் சில நுணுக்கங்களைப் பற்றிக் கேம்பிரிட்சில் கிரிக் முதலியோருடன் கருத்து வேற்றுமை எழுந்தபோதிலும், முப்புரி என்னும் அடிப்படைக் கருத்து நிலைபெற்றது. புரதச் சங்கிலி எவ்வெக்கோணங்களில் மடங்கலாம் எனக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் இராமகிருட்டினன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்டது; கொலாஜன் ஆய்வில் எழுந்த வினாக்களே அதற்கு வழிகோலின.

முப்புரியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் நிற்கும். புரிகள் நெருங்கி முறுக்கேறுதற்கு அதுவே இடந்தருகின்றது. மற்ற இடங்களில் புரோலினும் அதனின்று தோன்றிய ஐதராக்சிபுரோலினும் மிகுதி. உமிழ்நீரில் துவரைப் பற்றும் புரதங்களும் புரோலின் மிக்கவை என்று மேலே கண்டோம். நாவில் தோன்றும் துவர்ப்பும் தொட்டியில் நிகழும் பதனிடுதலும் ஏன் ஒரே பட்டையால் விளைகின்றன என்பதற்கு இவ்வொப்புமை பெரிதும் விளக்கந் தருகின்றது. ஒரு சொல்லால் முன்னோர் சுட்டிய இரண்டு நிகழ்ச்சிகள் மூலக்கூற்று நிலையிலும் உறவுடையனவாதல் இங்ஙனம் புலனாகின்றது.

1958 முதல் 1971 வரை தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த நாயுடம்மா, பதனிடும் பொருள்கள் கொலாஜனோடு எவ்வாறு பிணைகின்றன என்னும் ஆராய்ச்சியை வளர்த்தார். குரோமியம் புரதத்தின் அமிலக் கிளைகளைப் பற்றும். ஆல்டிஹைடுகள் லைசின் என்னும் அமினோ அமிலத்தின் அமினோக் கிளைகளைப் பற்றும். பட்டைத் துவரோ பெரும்பாலும் ஐதரசன் பிணைப்புக்களாலும் நீர்விலக்குப் பற்றினாலும் நிற்கும். எக்கிளையை எப்பொருள் பற்றும் என்னும் இப்பாகுபாடே இன்றைய இணைப்பிகளின் பாகுபாட்டிற்கும் அடிப்படையாம்.

6. தொட்டியிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

சாயத்தொழிலும் தோற்றொழிலும் ஆய்வுக்கூடத்திற்குள் புகுந்த வழிகளை இனிக் காண்பாம்.

முதலாவது சாயத்தின் வழி. 1858-இல் பீட்டர் கிரீசு என்பார் கண்ட டயசோ வினை செயற்கைச் சாயத்தொழிலின் தூணாயிற்று. 1917 முதல் கார்ல் லாண்டுசுடைனர் அவ்வினையையே புரதத்தின்மேல் செலுத்தினார். துணியில் ஏற்றற்குரிய அசோச் சாயப் பிணைப்பால் சிறு மூலக்கூறுகளைப் புரதத்தோடு இணைத்து, உடல் அவற்றை எத்துணை நுட்பமாக வேறுபடுத்தி அறிகின்றது என நிறுவினார். 1941-இல் ஆல்பர்ட் கூன்சும் உடனாய்வாளரும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் பொருளை ஐசோசயனேட்டு வழியாக இணைத்தனர். 1958-இல் அதனினும் எளிதாகக் கையாளத்தக்க ஃபுளூரசீன் ஐசோதயோசயனேட்டு வந்தது. மறுபுறம், 1956-இல் பருத்தி நாரோடு நேரே வேதிப் பிணைப்புக் கொள்ளும் சாயங்கள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அவற்றுக்கு நிறமூன்றி வேண்டுவதில்லை. சாயமே தன் கையால் நாரைப் பற்றிக்கொள்ளும். இவ்வினத்து நீலச்சாயம் ஒன்று சில நொதிகளைத் தேர்ந்து பற்றுவதைப் பிற்காலத்தார் கண்டு, அதனைப் புரதங்களைத் தூய்மைப்படுத்தும் கருவியாக்கினர்.

இரண்டாவது தோலின் வழி. பதனிடு பொருளாக ஆராயப்பெற்ற குளூட்டரால்டிஹைடு இரண்டு முனைகளாலும் அமினோக் கிளைகளைப் பற்றவல்லது. 1963-இல் அது மின்னணு நுண்ணோக்கிக்கு உயிரணுக்களை நிலைப்படுத்தும் பொருளாயிற்று. 1969-இல் அவ்ராமியாசு என்பார் அதனைக் கொண்டு நொதியை எதிர்ப்பொருளோடு இணைத்தார். 1971-இல் சுவீடனில் எங்வால், பெர்ல்மான் ஆகியோர் நொதி இணைத்த முறையால் குருதிப் பொருள்களை அளக்கும் ஆய்வை வெளியிட்டனர். எலைசா என்னும் பெயரால் அது மருத்துவமனைதோறும் பரவியது. பன்றியின் இதய வால்வைக் குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்தி மனிதர்க்குப் பொருத்தும் முறையைக் கார்ப்பாந்தியே அக்காலத்திலேயே வகுத்தார். தோற்றொட்டியின் வேதியியல் இதயத்தை எட்டிய வரலாறு இது.

பின்வந்த இணைப்பிகள் தேர்வுத்திறன் மிக்கவை. சக்சினிமைடு எசுட்டர் அமினோக் கிளையைப் பற்றும். மாலிமைடு கந்தகமுடைய சிசுட்டீனின் கிளையைப் பற்றும். கார்போடைஇமைடு அமிலக் கிளையையும் அமினோக் கிளையையும் சேர்த்து வைத்துத் தான் இடையில் நில்லாது நீங்கிவிடும். இலக்கண நூலார் கூறும் கெடுதல் என்னும் திரிபை ஈண்டு நினைக்கலாம். உயிரணுவின் மற்ற வினைகளோடு கலவாது, வேண்டிய இரண்டை மட்டும் இணைக்கும் முறைகளைக் கண்டமைக்காக 2022-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பெர்டோசி, மெல்டால், ஷார்ப்லசு ஆகிய மூவர்க்கும் வழங்கப்பெற்றது.

7. எல்லையும் கடனும்

மேற்கூறியவற்றால் தமிழர் உயிர்வேதியியலை முன்னரே அறிந்திருந்தனர் என முடிவு கட்டுதல் பொருந்தாது. சாயமேற்றியவர் அலுமினியத்தை அறியார். தோல் பதனிட்டவர் புரோலினை அறியார். துவரின் பிணைப்பு நெகிழ்வானது. இன்றைய இணைப்பிகளுள் பெரும்பாலானவை உறுதியான சகபிணைப்பை ஆக்குவன. பட்டை தன்முன் வந்த புரதம் பலவற்றையும் பற்றும். இன்றைய இணைப்பி ஒரு கிளையைத் தெரிந்து பற்றும். இவ்வேறுபாடுகளை மறைத்துப் பெருமை கொள்வது ஆராய்ச்சிக்கு இழுக்காகும். செயலறிவு வேறு, காரண அறிவு வேறு. ஆயினும் செயலறிவும் அறிவேயாம். எப்பட்டை, எவ்வளவு நாள், எவ்வரிசையில் என்பனவற்றைப் பன்னூறு முறை செய்து தேர்ந்த ஒழுங்கு அது. அவ்வொழுங்கையே ஐரோப்பியர் ஏட்டில் எழுதிக்கொண்டனர்.

அதனை நம்மவர் எழுதாதது ஏன் என்னும் வினாவே இவ்வரலாற்றில் நம்மை உறுத்துவது. நீராட்டின் துவர் பத்தினையும் பெயர்பெயராக எண்ணிய உரைமரபு, தோற்றொட்டியின் துவரை எண்ணவில்லை. புறநானூற்று 82-ஆம் பாட்டில், விரைந்து கட்டில் பிணிக்கும் தொழிலாளி ஒருவனின் கையூசி போரின் விரைவுக்கு உவமையாகின்றது, உவமை சிறந்தது, ஆயின் அவன் அங்கே இழிபெயராலேயே சுட்டப்படுகின்றான். அவன் கைத்திறன் செய்யுளுக்குப் பயன்பட்டது. அவன் அறிவு நூலாகவில்லை. தீண்டாமை ஒரு மக்கட் பிரிவினரைத் துன்புறுத்தியதோடு அமையாது, அவர்தம் அறிவு ஏடேறும் வழியையும் அடைத்தது. கேர்துவுக்குச் செய்தி கூறிய சாயத் தொழிலாளரின் பெயர்களும் நமக்கு எஞ்சவில்லை. ஒரு தொழிலின் அறிவு எழுதப்படாதபோது, அத்தொழில் வீழ்ந்த நாளிலேயே அவ்வறிவும் வீழ்கின்றது.

மற்றொரு கடனும் உண்டு. குரோமியத் தொட்டிகளின் கழிவு பாலாற்றுப் படுகையின் நீரையும் நிலத்தையும் கெடுத்தமை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிற்குப் பொருளாயிற்று. பிணைப்பின் உறுதியை உயர்த்திய அதே பொருள் ஊரின் கிணற்றையும் கெடுத்தது. துவர்த் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் இதனையும் எழுதுதல் வேண்டும்.

தமிழ்த்துறை சார்ந்தோர் செய்யத்தக்க பணி ஒன்று தெளிவாகவே உள்ளது. உயிர்வேதியியலைத் தமிழில் கற்பிக்கப் புகுவோர்க்குச் சொற்கள் வேண்டும். அச்சொற்களை அகராதியைப் புரட்டி ஆக்குவதினும், தொழிற்களத்தில் கேட்டுத் தொகுத்தல் நன்று. நிறமூன்றி என்பதில் உள்ள ஊன்றி, பதனிடுதலில் உள்ள பதம், சாயக்காரர் கூறும் பற்று, நாவும் தோலும் ஒருங்கு உணர்ந்த துவர் ஆகியவை செயலோடு பிறந்த சொற்கள். பொருளைத் தாமே விளக்குவன. ஆவாரம்பட்டைத் தொழிலையும் இயற்கைச் சாயத்தையும் கையால் அறிந்த முதியோர் சிலரேனும் இன்னும் வட ஆர்க்காட்டுப் பகுதியிலும் நெசவூர்களிலும் உள்ளனர். கருவிகள், படிகள், தொட்டிகள், கலவைகள், பிழைகள் ஆகிய ஒவ்வொன்றற்கும் அவர் வழங்கும் பெயரை, கூறியவர் பெயரும் ஊரும் அவர் இசைவுடன் குறித்துத் தொகுக்கும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்ளலாம். கேர்து 1742-இல் பிரெஞ்சில் செய்ததைத் தமிழில் செய்தற்கு இதுவே காலம். அத்தொகுப்பில் தொழிலாளர் பெயர் விடுபடாதிருத்தல் வேண்டும்.